ஜிஞ்சர் ரிடிமில் ஆறாவது பாட்டு

"நாற்பது நிமிசம் ஆகும் தம்பி, உள்ளுக்கு இருங்கோ, கோப்பி கிடக்கு" என்று கராஜ்காரச் சிறி அண்ணை சொன்னபோது வாகீசனுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நாற்பது நிமிசம் என்றால் ஃபோனில் வந்து கிடக்கிற ஏழு பாட்டையும் கேட்டு முடித்துவிடலாம், கார் ஓட்டுகிறேன், பிறகு கேட்கிறேன் என்று விடியற்காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த சாட்டு இனிச் செல்லாது. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, காலை பதினொரு மணி, நாளைக்கு முதல் பனி விழும் என்று வானிலைக்காரன் சொன்னாலும் சொன்னான், ஸ்காபரோவில் கார் வைத்திருக்கிற சனம் முழுக்கப் பனிக்கால ரயர் மாற்ற இந்த ஒரு கராஜுக்குத்தான் வந்ததோ என்னும்படி வெளியே வரிசை நீண்டு கிடந்தது. அவன் மூலைக் கதிரையில் உட்கார்ந்தான். ஃபோனில் பழைய நண்பன் ட்ரெவர் அனுப்பியிருந்த செய்தியை மறுபடியும் பார்த்தான், பார்க்கத் தேவையில்லை, பாடமாகிவிட்டது: ஏழும் ரெடி, மாலை ஆறு மணிக்கு வெளியில் விடுகிறேன், ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதற்கு முன் சொல், ஆறாவதை ஆறுதலாக இருந்து கேள். ஆறாவதற்கு நேரே மிதுலா என்று இருந்தது. வேறு மிதுலா இருக்க முடியாது. ட்ரெவருக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே மிதுலா வாகீசனுடைய தங்கச்சிதான். அவள் பாடி எத்தனை வருசம், எதற்கு இப்போது, ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளுடைய புருசன் ரோகன் சொல்லிவிட்டானோ, சொல்லியிருந்தால் அவள் நேரே வீட்டுக்கு வந்தல்லவா கேட்டிருப்பாள், இல்லை, வரமாட்டாள், பாட்டில்தான் கேட்பாள், இந்தப் பாட்டு அதற்கென்றே உண்டான பாட்டு. ஜமெய்க்காக்காரர் டான்ஸ்ஹால் என்கிற தங்கள் பாட்டில் ஒருவனை ஏசவேண்டுமென்றால் பேர் சொல்லித்தான் ஏசுவார்கள். அவன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு முதலாவதை அழுத்தினான். ஆறாவதை அல்ல, முதலாவதை.

பேஸ், அந்த அடித்தொனி, வந்து நெஞ்சுக்குள் விழுந்தது. தன்னுடையதுதான். போன ஜூனில் நிலக்கீழ் அறையில் மூன்று கிழமை இருந்து கட்டியது, பகல் முழுக்கக் கண்ணாடிக் கம்பனியில் லென்ஸ் வெட்டிவிட்டு வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் இருந்து, கிக் மேளம் எங்கே விழவேண்டும், கைதட்டு எங்கே விழவேண்டும் என்று தேடித் தேடி வைத்தது. ட்ரெவர் அன்றைக்கு இஞ்சிச் சோடா குடித்துக்கொண்டிருந்தபடியால் அதற்கு ஜிஞ்சர் ரிடிம் என்று பேர் வந்தது. மற்றவர்களின் ரிடிம்களைப் போட்டுக் கேட்டால், ஏன்டா ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுறாய் என்று அம்மா மாடியிலிருந்து கேட்பா. ஒரே பாட்டில்லை அம்மா, ஒரே தாளம், அதுதான் ரிடிம், தாளத்தையும் பேஸையும் ஒருத்தன் கட்டிவைப்பான், பிறகு அதே கட்டுக்கு மேல் ஆளாளுக்குத் தங்கள் பாட்டைப் பாடுவார்கள், ஒருத்தி காதலைப் பாடுவாள், ஒருத்தன் கடவுளை, இன்னொருத்தன் பக்கத்துத் தெருக்காரனை ஏசுவான், கட்டினவன் யாரையும் மறிக்கேலாது. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. மறிக்கேலாட்டி அது உன்ர இல்லையே என்றா. அது சரிதான் என்று இப்போது பட்டது. முதலாவது பாட்டில் ஒரு பெண் தன் காதலனை வா வா என்றாள். அடுத்த அறையில் நட்டுக் கழற்றும் துப்பாக்கி கிர்ர்ரென்று அலறியது, தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி. அவன் கை தொடையில் தானாகத் தட்டியது. பதினாறு வயதில் ட்ரெவரின் வீட்டு நிலவறைக்குள் முதல் தரம் போனபோது மிதுலாவும் கூட வந்தாள், அவளுக்குப் பதினொன்று, அண்ணன் போகிற இடமெல்லாம் வருவாள். ட்ரெவரின் தாய் பொரித்த வாழைப்பழம் கொடுத்தா, ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏற்றிவிட்டா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடிப் பழகின குரல், நடுக்கம் கிடையாது, ட்ரெவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு இந்தப் பிள்ளை யார் என்று கேட்டான். என்னுடைய தங்கச்சி என்று சொன்னபோது எவ்வளவு பெருமை. இரண்டாவது பாட்டு எப்போது தொடங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை, அதே பேஸ், யாரோ ஒருவன் தன் காரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான்.

ரோகன். பேர்தான் எல்லாருக்கும் முதலில் தெரியவந்தது. அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு, ரோகன் எண்டு பேர், ஆஸ்பத்திரியில லிஃப்ற் திருத்துற வேலை, என்று அவள் சொன்னதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்த மனிசன், இங்கே வந்து பாண் சுடுகிற பேக்கரிக் கம்பனியில் இருபது வருசம் நின்றவர், எந்த ஊர்ப் பொடியன், தகப்பன் என்ன செய்தவர் என்று ஒரு கிழமை முழுக்க விசாரித்துக்கொண்டு திரிந்தார். ரோகன் என்று ஜமெய்க்காவிலும் பேர் வைப்பார்கள் என்பது அந்தக் கிழமை முடியத்தான் தெரியவந்தது. பிறகு அப்பா அந்தப் பேரைச் சொல்லவேயில்லை. கலியாணத்துக்கும் போகவில்லை. அம்மா போனா. வாகீசன் போனான், சாப்பாடு முடிய முதல் வந்துவிட்டான், அப்பா தனியே இருப்பார் என்று. அப்பா தனியே இருப்பார். அது உண்மைதான், ஆனால் அதுமட்டுமா உண்மை. இருபத்தைந்து வருசம் ஜமெய்க்காக்காரரின் வீட்டில் சாப்பிட்டு, அவர்களின் பாட்டில் வளர்ந்து, அவர்களின் தாளத்தில் பேரெடுத்து, நண்பன் என்றால் ட்ரெவர் என்று இருந்தவன், வீட்டு மேசையில் அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்தபோது தானும் மூடிக்கொண்டு இருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல பொடியன் அப்பா, எனக்குத் தெரியும் என்று. ஐந்து சொல். மூன்றாவது பாட்டுக்காரன் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான், நல்ல குரல், கைதட்டுக்கு ஒரு மயிரிழை முந்தி விழுகிறான், ட்ரெவர் கவனிக்கவில்லையா, அதைச் சொல்லவேண்டும், என்று நினைத்தபோதே தான் எதைத் தள்ளிப்போட அதை நினைக்கிறான் என்று விளங்கியது.

நாலு வருசத்துக்கு முந்தின அந்தப் பெப்ரவரி. வேண்டாம் என்றாலும் அங்கேதான் போகிறது, நாக்கு ஆடுகிற பல்லுக்குப் போகிறமாதிரி. அப்பாவைப் பட்டு வேட்டியுடன் சவப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், முகத்துக்கு என்னவோ பூசி வாழ்நாளில் இல்லாத நிறம். மைனஸ் பதினெட்டு. மண்டபம் நிறையச் சனம். மூத்த பிள்ளை, கொள்ளி வைக்கிறவன், எல்லாரும் அவன் கையைத்தான் பிடித்தார்கள், ஒவ்வொரு கையும் எதையோ கேட்கிறமாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மிதுலா காரிலிருந்து இறங்கி ஓடிவந்ததைக் கண்டான், அவளுக்குப் பின்னால் நீளக் கறுப்புக் கோட்டோடு ரோகன், கைகொடுக்கவேண்டும் என்று கையுறையை முன்னாலேயே கழற்றிப் பிடித்துக்கொண்டு. மிதுலா பெட்டியிடம் ஓடினாள். வாகீசன் கதவிடம் நடந்தான். யாரும் அவனை அனுப்பவில்லை. அப்பாவின் தமையன், கனகலிங்கம் பெரியப்பா, அனுப்பவில்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சனம் பார்க்கும் என்று அவனே நினைத்தான், அப்பா விரும்பமாட்டார் என்று அவனே நினைத்தான், அப்பா எதையும் விரும்பாமல் கிடந்தார். கொஞ்சம் வெளியில் நிற்கிறாயா, சனம் குறையட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். ரோகன் அவன் முகத்தைப் பார்த்தான். நிச்சயமாக, குடும்பத்துக்கு எது வசதியோ அது, உன் அப்பாவுக்காக வருந்துகிறேன் என்றான், திரும்பி வெளியே போனான். காருக்குள் போயிருக்கலாம். சாவி மிதுலாவின் கைப்பையில் இருந்தது, அது பிறகுதான் தெரியும். உள்ளே பெரியப்பா கேட்டார், "எங்க மிதுலான்ர மனிசன்? கூப்பிடன் மகன், தேவாரம் தொடங்கப் போகுது." வேலையாம் பெரியப்பா, பிந்தித்தான் வருவாராம். எவ்வளவு சுகமாக வந்தது அந்தப் பொய், வழுக்கிக்கொண்டு. இரண்டு மணித்தியாலம் ஆகப்போகிறபோது மனம் கேட்காமல் கடதாசிக் கோப்பையில் கோப்பி எடுத்துக்கொண்டு வெளியே போனான். ரோகன் இரண்டு கையாலும் வாங்கினான். விரல் நகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே வா என்று சொல்லத்தான் போனான். கோப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். அதை மிதுலா யன்னலால் கண்டிருக்கிறாள். மண்டபத்து நடையில் மறித்து, "ஆர் அண்ணா அவரை வெளியில நிக்கச் சொன்னது?" என்று கேட்டாள். பெரியப்பா அப்போது அவர்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார், அவ்வளவுதான் அந்த மனிசன் செய்த பிழை. "பெரியப்பா" என்றான் வாகீசன். ஒரு சொல். ஐந்து எழுத்து.

"தம்பி, முன் பிறேக் கொஞ்சம் தேஞ்சிருக்கு, இந்தக் குளிருக்கு ஓடும், வசந்தத்துக்கு மாத்துவம், என்ன?" சிறி அண்ணை கதவுக்குள் தலையை நீட்டினார், கையில் எண்ணெய். அவன் தலையாட்டினான். "என்ன, முகம் வாடிக்கிடக்கு? அம்மா சுகமோ? தங்கச்சி?" சுகம் என்றான். "அந்தப் பிள்ளையின்ர மனிசன் போன மாசம் வந்தவர். தமிழில வணக்கம் சொல்லி, ரயர் காத்துப் பாக்கேலுமோ எண்டு கேட்டவர். எனக்கே வெக்கமாப் போச்சு, நான் முப்பது வருசமா இஞ்ச இருந்து இங்கிலிஸ் ஒழுங்காப் பேசேலாமல் கிடக்கிறன்." சிரித்துக்கொண்டு போய்விட்டார். காதில் ஐந்தாவது முடிந்துகொண்டிருந்தது, நாலாவதும் ஐந்தாவதும் எப்படிப் போயின என்று தெரியாது. அவன் நிறுத்துகிற பொத்தானுக்கு மேல் விரலை வைத்தான். ரோகன் சொல்லியிருப்பான். நாலு வருசம் சொல்லாமல் இருந்தவன், ஒரு நாள் ஏதோ ஒரு பேச்சில் வாய் தவறி. சொல்லியிருந்தால் நல்லது என்றும் இருந்தது. ஏசட்டும், என் தாளத்திலேயே என்னை ஏசட்டும், ஆறு மணிக்கு ஊர் கேட்கட்டும், முடியட்டும். விரலை எடுத்தான்.

அதே பேஸ். ஆனால் அவள் உடனே பாடவில்லை, இரண்டு சுற்றுத் தாளத்தை வெறுமையாக ஓடவிட்டாள், கேட்கிறவன் இருப்புக் கொள்ளாமல் போகும்வரைக்கும். பிறகு வந்தாள். ஐயோ, என்ன குரல். பதினொரு வயதில் பெட்டிக்கு மேல் நின்ற அதே நடுக்கமில்லாத குரல், இப்போது அடியில் கொஞ்சம் மணல் இருந்தது. முதல் அடிகள் ஜமெய்க்கப் பேச்சில், புருசனிடம் கற்றது, அப்படியே நழுவி யாழ்ப்பாணத் தமிழுக்கு வந்தாள். ரெண்டு மணித்தியாலம் பனியில நிண்டது ஆர், என்ர மனிசன். கண்ணாடிக் கதவைச் சாத்தினது ஆர். கனகலிங்கம் பெரியப்பா, கேக்குதோ, கதவு சாத்தின கையால தேவாரப் புத்தகம் பிடிச்சனீங்கள். கேக்குதோ. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், கைதட்டின் மேலேயே விழுந்து விழுந்து, யாரும் முணுமுணுக்காமல் இருக்க முடியாத அடி, சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில் பாடப்போகிற அடி. இத்தனைக்கும் பிறகு பாட்டு இளகியது, பேஸ் மட்டும் இருக்க, அவள் கிட்ட வந்து காதுக்குள் பாடினாள்: ஊர் முழுக்க உள்ளுக்கு நிக்க, ஒரு கோப்பை சூட்டோட வெளியில வந்தது ஆர், அண்ணா. அப்பா இல்லாத அண்டைக்கு எனக்கு மிஞ்சினது ஆர், அண்ணா. இந்தத் தாளம் ஆரின்ர, அண்ணா. அண்ணா என்ற இடத்தில் அவள் சிரிப்பது கேட்டது, பாடிக்கொண்டே சிரிப்பது, சின்ன வயதில் ஓடிவந்து முதுகில் ஏறும்போது சிரிக்கிறமாதிரி. இதைத் தனக்குத் தெரியாமல் செய்து வைத்திருந்தது எதற்கென்று இப்போது விளங்கியது. பரிசாகக் கொடுக்கத்தான்.

ஏழாவது தானாகத் தொடங்கியது, அதே பேஸ், ஒன்றும் நடக்காதமாதிரி, யாரோ ஒருவன் கடற்கரையைப் பற்றி. வாகீசன் காதிலிருந்து இழுத்தெடுத்தான். இப்போது என்ன. மணி பதினொன்று நாற்பது. ட்ரெவருக்கு ஒரு செய்தி போதும்: ஆறாவது வேண்டாம், குரல் சரியாக உட்காரவில்லை, அடுத்ததற்குப் பார்ப்போம். ரிடிம் வெளியிடும்போது ஒன்றிரண்டு கழிவது வழமைதான். ட்ரெவர் நம்பமாட்டான், ஆனாலும் செய்வான். குரல் சரியாக உட்காரவில்லையாம். ஏழு பேரிலும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், மற்ற ஆறும் வந்து போன ஆட்கள். அல்லது விட்டுவிடலாம். பெரியப்பாவுக்கு எண்பத்தொன்று, முதியோர் இல்லத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார், டான்ஸ்ஹால் கேட்கப் போகிறாரா. அவர் கேட்கமாட்டார், அவருடைய பேரப்பிள்ளைகள் கேட்பார்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள், ஒரு கிழமைக்குள் யாராவது அவருடைய காதுக்குக் கிட்டக் கொண்டுபோய், தாத்தா இது நீங்களோ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் அந்த மனிசன் இவனுக்கென்று எடுத்து வைத்த பிஸ்கட்டைத் தருவார், தந்துவிட்டுக் கேட்பார், "மிதுலா ஏன் மகன் வாறேல்லை? நான் பிள்ளைக்கு ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" இல்லை பெரியப்பா, வேலை. நாலு வருசமாக அவளுக்கு வேலை. பேரை மட்டும் எடுக்கச் சொல்லலாமே, கனகலிங்கம் என்பதை, வயது போன மனிசன், பாவம், மன்னித்துவிடு என்று சொல்லலாம், அவள் கேட்பாள், அண்ணா எவ்வளவு நல்லவர் என்று இன்னொரு அடி கூட்டுவாள். அந்த நினைப்போடு அவனால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழுந்தான். சிறி அண்ணையின் ஆள் கடைசி ரயரை உருட்டிக்கொண்டு போனான். வாகீசன் வெளியே வந்து கராஜின் பக்கச் சுவரோடு, பழைய ரயர் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, யோசித்தால் எடுக்கமாட்டேன் என்று தெரிந்து, யோசியாமல் அவள் இலக்கத்தை அழுத்தினான்.

ரோகன்தான் எடுத்தான். "அவள் கை முழுக்க மா, ரொட்டிக்குக் குழைக்கிறாள்" என்றான் ஆங்கிலத்தில். பிறகு குரல் இறங்கியது. "கேட்டாயா?"

"கேட்டேன்."

"நான் ஒன்றும் சொல்லவில்லை. பாடி முடித்த பிறகுதான் எனக்கே போட்டுக் காட்டினாள்."

"ஏன் சொல்லவில்லை? அன்றைக்கே சொல்லியிருக்கலாமே."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "அன்றைக்கு உன் அப்பா செத்துப்போயிருந்தார். பிறகு, உங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. பாட்டைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நீ சொல்லாவிட்டால் இன்றைக்கு நான் சொல்லிவிடுவேன்."

"அவளிடம் கொடு."

"அண்ணா!" என்று வந்தாள், மூச்சு வாங்க. "கேட்டீங்களோ? பிடிச்சுதோ? ட்ரெவருக்கு வாய் இருக்கேலாது, சொல்லிப்போடுவார் எண்டு நினைச்சன். அந்தக் கடைசித் துண்டு எப்பிடி?"

"மிது, பெரியப்பா ஒண்டும் சொல்லேல்லை."

"எப்ப?"

"செத்தவீட்டில. ரோகனை வெளியில நிக்கச் சொன்னது நான்."

அவள் சிரித்தாள். "சும்மா இருங்கோ அண்ணா. பெரியப்பாவைக் காப்பாத்தப் பாக்கிறீங்கள். எனக்குத் தெரியும் நீங்கள் இப்பிடித்தான் வருவீங்கள் எண்டு."

இந்தக் கதவும் திறந்திருந்தது. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளலாம். நல்லவனாகவே இருந்துவிடலாம். "அவர் ரோகனைக் கூப்பிடச் சொன்னவர்" என்றான். "தேவாரத்துக்கு. நான்தான் வேலையாம் எண்டு பொய் சொன்னனான். சனம் என்ன நினைக்கும் எண்டு பயந்துபோனன். நீ கேக்கேக்க அவர் அதில நிண்டவர், அவற்ற பேரைச் சொல்லிப்போட்டன். அவ்வளவுதான் மிது. வேற ஒரு காரணமும் இல்லை."

பிறகு ஃபோனை எங்கேயோ வைக்கும் சத்தம், தூரத்தில் அவளுடைய குரல், ஆங்கிலத்தில், உனக்குத் தெரியுமா, தெரியுமா என்று, ரோகன் ஏதோ தணிவாகச் சொல்வது, பிறகு ஒரு பாத்திரம் விழுந்ததா எறியப்பட்டதா என்று தெரியாத சத்தம். வாகீசன் நின்றான். காது மடல் எரிந்தது குளிரில். அவன் அழைப்பை வெட்டவில்லை, அவளும் வெட்டவில்லை. சிறி அண்ணை சாவியைத் தூக்கிக் காட்டினார், கார் ரெடி. அவன் கையால் பொறுக்கச் சொன்னான்.

"ரோகனுக்குத் தெரியுமாம்." அவள் திரும்பி வந்திருந்தாள். குரலில் ஒன்றுமே இல்லை. "நாலு வருசம் ரெண்டு பேருமாச் சேர்ந்து எனக்கு நல்லது செய்திருக்கிறீங்கள். நான் அந்தக் கிழவன்ர எண்பதாவது பிறந்தநாளுக்கும் போகேல்லை. கார்ட் அனுப்பினவர், கிழிச்சுப்போட்டன்."

"மிது."

"கதையாதை." அண்ணாவிடம் அவள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. "நீ கதையாதை. நான் சொல்லுறதைக் கேள். ரெண்டு மணிக்குப் பெரியப்பாட்டப் போறன். நீயும் வாறாய். அவருக்கு முன்னால சொல்லுறாய்."

"ஓம்."

"பிறகு ட்ரெவரிட்டப் போறம். ஆறு மணிக்கு முதல் திரும்பப் பாடோணும். ட்ரெவர் இல்லை, நீதான் ரெக்கோட் பண்ணவேணும். எத்தினை தரம் பிழைச்சாலும் எழும்பிப் போகாமல் இருந்து பண்ணவேணும்."

"ஓம் மிது."

மூக்கை உறிஞ்சினாள். பின்னால் ரோகன் கீழே விழுந்ததை எடுப்பது கேட்டது. "பெரியப்பான்ர பேரை எடுத்துப்போட்டு உன்ர பேரை வைக்கட்டோ? வாகீசன் எண்டு? இல்லாட்டி அண்ணா எண்டே பாடட்டோ? எப்பிடியும் பாடத்தான் போறன். எது எண்டு நீயே சொல்லு."

அவன் யோசித்தான், வெட்கக்கேடு, இந்த நேரத்திலும் மண்டைக்குள் அந்த அடி ஓடியது, கண்ணாடிக் கதவைச் சாத்தினது ஆர் என்று ஓடிவந்து, கைதட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. வாகீசன் என்றால் யாரோ ஒரு வாகீசன், கேட்கிறவர்கள் அவன் யாரென்று தேடவேண்டும், தாளத்திலும் இழுபடும்.

"அண்ணா எண்டு பாடு" என்றான். "அதுதான் சரியா விழும்."